பிப்ரவரிப் புல்

செரங்கெட்டிக்குப் போக ஆசைப்படுகிறவர் முதலில் போய் நிற்கும் இடம் பயண முகவரின் மேசை. முகவர் முதலில் கேட்பது பட்ஜெட். அடுத்துச் சொல்வது மாதம். "ஆகஸ்ட்ல போனாத்தான் சார் மான் கூட்டம் ஆத்தைத் தாண்டுறதைப் பாக்க முடியும். மத்த மாசம் போனா வெறும் புல்லுதான் சார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தொழில் தெரிந்தவர். அவர் சொன்னதில் வியாபாரக் கணக்குப்படி தப்பு ஒன்றும் இல்லை. கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியதும் அந்த ஆறுதான்.

எனக்கு அந்த வெறும் புல்லின் மேல்தான் ஆசை வந்தது. திட்டம் போட உட்கார்ந்தபோது வரைபடமும் மழைக் கணக்கும் சில புத்தகங்களுமாக மேசை நிறைந்துபோயிற்று. படிக்கப் படிக்க, செரங்கெட்டியில் பார்ப்பதற்கென்று இருப்பதே புல்தான், மற்றதெல்லாம் அதன்மேல் நடமாடுபவை என்று தோன்றிவிட்டது. சிங்கம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது மிகையாகப் படலாம். படட்டும்.

செரங்கெட்டி தேசியப் பூங்கா தான்சானியாவின் வடக்கில் 14,763 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. வடக்கு விளிம்பில் கென்யாவின் மசாய் மாரா காப்பகம். தென்கிழக்கில் கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி. இந்த மூன்றையும் ஆண்டு முழுக்கச் சுற்றி வருகிறது வைல்டபீஸ்ட் கூட்டம். மாட்டுக் கொம்பு, குதிரை வால், ஆட்டுத் தாடி எல்லாம் ஒரே உடம்பில் வாய்த்த மான் இனம் அது. 13 லட்சம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அண்மையில் செயற்கைக்கோள் படங்களைக் கணினி கொண்டு எண்ணியவர்கள் அதில் பாதிகூடத் தேறாது என்கிறார்கள். அந்த வழக்கு அறிஞர்களுக்குள் நடக்கட்டும். பாதி என்றாலும் லட்சக்கணக்கில்தான். கூடவே வரிக்குதிரைகளும் தாம்சன் மான்களும் லட்சக்கணக்கில் போகின்றன.

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே, குட்டைப்புல் வெளியில். ஏப்ரல், மே பெருமழை முடியும் தறுவாயில் வடமேற்காக நகர்வு. ஜூனில் குருமெட்டி ஆற்றை ஒட்டி. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே, மாரா ஆற்றின் இரு கரைகளிலும். நவம்பரில் சிறுமழை விழத் தொடங்கியதும் மறுபடி தெற்கு. ஏட்டில் எழுதிவைத்த சுற்று இது. மழை அந்த ஏட்டைப் பார்ப்பதில்லை. எங்கே மழை பெய்து புல் துளிர்க்கிறதோ அங்கே கூட்டம் போகிறது, ஒரு வாரம் முன்போ மூன்று வாரம் பின்போ. கூட்டத்துக்குத் தலைமை என்று எதுவும் கிடையாது.

இரண்டு நாட்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று வரைபடத்தில் விரல் வைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1977இல் கிழக்காப்பிரிக்கக் கூட்டமைப்பு உடைந்தபோது தான்சானியா எல்லையை மூடியது. மற்ற வழிகள் பின்னால் திறந்தன. மாராவுக்கும் செரங்கெட்டிக்கும் நடுவே இருந்த அந்த வழி மட்டும் சுற்றுலா வண்டிகளுக்கு இன்னும் மூடியே இருக்கிறது. மேற்கே இசெபானியா சாவடி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். விலங்குக்கு இல்லாத எல்லை நமக்கு உண்டு.

ஆற்றுக்கு வருவோம். மாரா ஆறு தாண்டப்படும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. புழுதி, குதிப்பு, முதலையின் வாய், மறுகரையில் வழுக்கும் குளம்புகள். அது உண்மைதான், ஆனால் பல மாதப் படப்பிடிப்பிலிருந்து வடித்தெடுத்த உண்மை. நேரில் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காத்திருப்பு. கூட்டம் கரைக்கு வரும், நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பார்க்கும். பின்னாலிருந்து தள்ளல் வரும். ஏதோ ஒன்று மிரளும். அத்தனையும் திரும்பி ஓடும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே. இதற்குள் கரையில் ஐம்பது வண்டிகள் சேர்ந்திருக்கும். 2025 ஜூலையில் செரங்கெட்டியின் வடக்குப் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டு இறங்கி, கூட்டம் ஆற்றில் இறங்கும் வழியையே மறித்து நின்ற காணொளி உலகெங்கும் சுற்றியது. பூங்கா நிர்வாகம் நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. அங்கே நின்றவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் பணம் கட்டி, அந்தச் சில நிமிடங்களுக்காகவே கண்டம் விட்டுக் கண்டம் வந்தவர்கள். சில நிமிடங்களுக்காக வருகிறவர்களுக்குப் பொறுமை இருக்காது.

ஆற்றைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி வேறு. 2001 முதல் 2015 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வைல்டபீஸ்ட்கள் மாராவில் மூழ்கிச் சாகின்றன என்று கணக்கிட்டார்கள். முதலைகள் தின்பது அதில் சிறு பங்குதான். மிச்சம் பாறுகளுக்கும் மீன்களுக்கும். சதை சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. எலும்புகள் ஆற்றடியில் கிடந்து ஏழு ஆண்டுவரை பாஸ்பரஸைக் கசியவிடுகின்றன. தெற்கில் தின்ற புல் வடக்கில் ஆற்றுக்கு உரமாகிறது. இதைப் பார்க்க ஒரு வண்டியும் நிற்காது, பார்க்கவும் முடியாது.

அந்தத் தெற்குப் புல்லில் என்ன இருக்கிறது என்று தேடினால், சாம்பல் இருக்கிறது. கோரோங்கோரோ மேட்டு நிலத்தின் எரிமலைகள் பல லட்சம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பல் காற்றோடு மேற்கே போய்ப் படிந்து உண்டானதுதான் அந்த வெளி. அவற்றில் ஓல் தோய்ன்யோ லெங்காய் இன்னும் உயிரோடு இருக்கிறது. சோடியமும் கால்சியமும் மிகுந்த கார்பனேட் குழம்பைக் கக்கும் எரிமலை இன்றைக்கு உலகில் அது ஒன்றுதான். குழம்பு வெளிவரும்போது எண்ணெய்க் கறுப்பாக இருந்து, ஈரம் பட்டதும் வெளுத்துவிடும். 2007இலும் 2008இலும் அது சாம்பல் கக்கியது. மழை அந்தச் சாம்பலில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதுபோல அது மண்ணுக்குக் கீழே கெட்டித் தட்டாகப் படிந்துவிட்டது. மர வேரால் அதைத் துளைக்க முடியாது. அதனால்தான் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லை. வடக்கிலும் நடுவிலும் குடை விரித்து நிற்கும் வேல மரங்கள் தெற்கே வரவர நின்றுபோகும் காரணம் இதுதான்.

புல் கணுக்கால் உயரம்கூட இருக்காது. நம் ஊர் அறுகம்புல்கூட அதில் கலந்திருக்கிறது. ஆனால் அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் சோடியமும் வடக்குப் புல்லைவிட அதிகம். நிறைமாதத் தாய்க்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டிய சரக்கு. குடிக்க நீர் குறைவு. வடக்கில் நீருக்குப் பஞ்சமில்லை. இருந்தும் மழை விழுந்ததும் அந்தக் கூட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து தெற்கே வருவது இந்தச் சாம்பல் புல்லுக்குத்தான். பிள்ளை பெற அவை தேர்ந்தெடுத்த இடம் அது.

பேறு நடப்பது பிப்ரவரியை ஒட்டி. ஆண்டுக் கன்றுகளில் ஐந்தில் நான்கு பங்கு இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. பெரும்பாலும் முற்பகலில். தாய் படுக்கும், எழும், சுற்றும், மறுபடி படுக்கும். முன்னங்கால் இரண்டும் முதலில் தெரியும், பிறகு மூக்கு. விழுந்த கன்று நனைந்து, மங்கிய பழுப்பு நிறத்தில், கால் மட்டும் நீளமாகக் கிடக்கும். முன்னங்காலை ஊன்றும், பின்பக்கம் சரியும். பின்னங்காலை ஊன்றும், மூக்கு மண்ணில் குத்தும். தாய் நக்கிக்கொண்டே தள்ளி நகரும், நகர்வது வேண்டுமென்றுதான். பத்து நிமிடத்துக்குள் கன்று நின்றாக வேண்டும், பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அன்றைக்கே தாயோடு ஓடவும் செய்யும். எழத் தாமதமான கன்று என்றால் கழுதைப்புலிக்கு. அந்தக் கழுதைப்புலிகளும் பக்கத்து ஊர்க்காரர்கள் அல்ல. தங்கள் வளையிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் நடந்து வந்து தின்றுவிட்டு, குட்டிக்குப் பால் கொடுக்கத் திரும்பி நடப்பவை. எல்லாக் கன்றும் ஒரே சமயத்தில் பிறப்பதால் தின்கிறவர்களால் தின்று தீர்க்க முடிவதில்லை. அதுதான் கூட்டத்தின் தற்காப்பு. வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

ஆற்றைத் தாண்டும் காட்சியைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. விலங்குகளைப் பட்டியலிட்டு டிக் அடிக்கும் பழக்கமும் ஆற்றின் மேலுள்ள மோகமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: வேட்டையிலிருந்து. யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற 'பெரிய ஐந்து' நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தான விலங்குகள் என்று வேட்டைக்காரர்கள் வகுத்தது. 1909இல் கிழக்காப்பிரிக்கா வந்த முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் சேர்ந்து 512 பெரிய விலங்குகளைச் சுட்டார்கள், அருங்காட்சியகத்துக்கு என்று சொல்லி. துப்பாக்கி போய் கேமரா வந்துவிட்டது. பட்டியல் அப்படியே இருக்கிறது.

புல்லைத் தொடர்ந்து போனால் மாட்டில் போய் நிற்கிறோம். நம் மாட்டுக்காரர்கள் வெக்கை நோய் என்று அஞ்சிய அதே நோய், 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்கு முனையில் இறங்கியது. இத்தாலியப் படைக்காகக் கப்பலில் கொண்டுவந்த மாடுகளோடு வந்தது, அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுக்குள் கண்டத்தின் தென்முனை வரை போய்ச் சேர்ந்தது. மாடுகள் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று செத்தன. மாட்டையே வாழ்வாகக் கொண்ட மசாய் மக்கள் பட்டினியில் விழுந்தார்கள், அம்மையும் சேர்ந்துகொண்டது. 1892இல் கோரோங்கோரோ பள்ளத்தைப் பார்த்த முதல் ஐரோப்பியரான ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமன், எலும்பும் தோலுமாகத் தன் முகாமைச் சுற்றி நின்ற மசாய் மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மாடும் மானும் மேயாத நிலத்தில் புதர் மண்டியது. புதரில் செட்சி ஈ பெருகியது. மிஞ்சிய ஆட்களும் விலகினார்கள். அதற்குப் பிறகு வந்த வேட்டைக்காரர்கள் பார்த்துவிட்டு, மனிதக் காலடியே படாத ஆதி நிலம் என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்தது ஒரு சாவு வீடு.

வெக்கை போன கதையும் மாட்டின் வழியாகத்தான். 1950களில் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை தீவிரமானது. வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் கென்யாவில் முகுகா ஆய்வகத்தில் நல்லதொரு தடுப்பூசியை உருவாக்கினார். வைல்டபீஸ்டுக்கு யாரும் ஊசி போடவில்லை. சுற்றியிருந்த மாடுகளுக்குப் போட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் காட்டிலும் நோய் நின்றது. 1961இல் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வைல்டபீஸ்ட் 1977இல் 13 லட்சத்தைத் தாண்டியது. வாய்கள் பெருகியதால் உயர்ந்த புல் குறைந்தது, புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்த இடங்களில் மரம் வளர்ந்தது. 2011இல் வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆதிகாலத்திலிருந்து அப்படியே இருப்பதாக விளம்பரங்களில் காட்டப்படும் அந்த மாபெரும் கூட்டத்துக்கு இன்றைய வயது நம் அப்பா தலைமுறையின் வயதுதான். மாட்டுக்குப் போட்ட ஊசி இல்லாவிட்டால் அது இல்லை.

பயணத் திட்டத்தில் எல்லோரும் தவறாமல் போடும் இன்னொரு ஊர் கோரோங்கோரோ. அதன் வரலாற்றில் 1959 என்ற ஒரே ஆண்டைப் பார்த்தால் போதும். ஜனவரியில் மிக்கேல் கிரிமெக் என்ற ஜெர்மன் இளைஞர் விமான விபத்தில் இறந்தார். வரிக்குதிரைக் கோடு பூசிய அந்தச் சிறு விமானம் பாறு ஒன்றில் மோதி விழுந்தது. அவரும் அவர் தந்தை பெர்ன்ஹார்ட் கிரிமெக்கும் வானிலிருந்து செரங்கெட்டி விலங்குகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். தந்தை ஃபிராங்க்ஃபர்ட் விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநர். அவர்கள் எடுத்த ஆவணப்படம் அந்த ஆண்டே வெளிவந்து, பிறகு ஆஸ்கர் வாங்கியது; செரங்கெட்டியை உலகம் அறிந்தது அதற்குப் பிறகுதான். தேசியப் பூங்காவில் மக்கள் இருக்கக் கூடாது என்பதில் கிரிமெக் உறுதியாக இருந்தார். அதே ஆண்டு செரங்கெட்டியில் வாழ்ந்த மசாய் குடும்பங்கள் கோரோங்கோரோவுக்கு நகர்த்தப்பட்டன. மசாய் பெரியவர்கள் சிலர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பிரிட்டிஷ் நிர்வாகம் கையில் வைத்திருந்தது. மாற்றாக, கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி விலங்கும் மனிதரும் சேர்ந்து வாழும் இடமாக இருக்கும் என்று சொல்லப்பட்டது. ஜூலை 17 அன்று, அந்தப் பாதுகாப்புப் பகுதிக்குள்ளேயே இருக்கும் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். மனிதரின் பங்காளி இனம் ஒன்றின் மண்டையோடு, சுமார் 17.5 லட்சம் ஆண்டுப் பழமை. பிறகு 1978இல் அவர் குழுவே பக்கத்தில் லாயிடோலியில், எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய காலடித் தடங்களையும் கண்டது. இரண்டு காலால் நடந்தவர்களின் தடம், 36 லட்சம் ஆண்டுக்கு முந்தையது.

ஒரு கையால் இங்கேதான் மனிதனின் கதை தொடங்கியது என்று தோண்டி எடுத்தார்கள். இன்னொரு கையால், இது மனிதன் இருக்கக்கூடாத நிலம் என்று வேலி போட்டார்கள். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே சமவெளி, ஒரே சாம்பல். வெளியூர்க்காரர்களின் திட்டமிடலுக்கு இதைவிடக் கச்சிதமான சான்று எனக்குத் தெரியாது.

மசாய்க்காரர்களிடமும் ஒரு திட்டம் உண்டு. அதை நான் படித்தபோது என் பயணத் திட்டம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. வைல்டபீஸ்ட் கன்றுகளின் உடம்பில் ஒரு வைரஸ் இருக்கிறது. கன்றுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. மாட்டுக்குத் தொற்றினால் மாடு பிழைப்பது அரிது. விஞ்ஞானிகள் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது 1960இல், அதுவும் அதே பிளவ்ரைட்டும் அவர் கூட்டாளிகளும். மேய்ப்பர்களுக்கோ அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே விஷயம் தெரியும். கன்று ஈனும் மாதங்களில், ஆண்டிலேயே நல்ல புல் முளைத்துக் கிடக்கும் அந்தச் சமவெளிக்கு மாட்டை ஓட்டமாட்டார்கள். மேட்டு நிலத்தில் இரண்டாந்தரப் புல்லை மேய்த்துக்கொண்டு இருப்பார்கள். கன்றுகள் வளர்ந்து, தொற்றும் காலம் போன பிறகுதான் இறங்குவார்கள். நிலத்தை வேலி போட்டுப் பிரிக்காமல் மாதத்தால் பிரித்துக்கொண்டார்கள். பிப்ரவரி வைல்டபீஸ்டுக்கு, மற்றது நமக்கும். சுற்றுலா வண்டி வந்து நிற்கும் அந்தக் காலியான பிப்ரவரிச் சமவெளி, ஒருவர் விலகிக்கொண்டதால் காலியாக இருப்பது.

சேர்ந்து வாழலாம் என்று 1959இல் சொன்ன பேச்சு மெல்ல மெல்லச் சுருங்கியது. 1974இல் எரிமலைப் பள்ளத்துக்குள் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1975இல் பயிர் செய்வது தடை செய்யப்பட்டது. 2022 ஜூனில், செரங்கெட்டிக்குக் கிழக்கே லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வனவிலங்குக்கென்று கல் நட்டுப் பிரிக்கப் போலீசார் வந்தபோது மோதல் நடந்தது; ஒரு போலீஸ்காரர் இறந்தார், மசாய் மக்கள் பலர் காயம்பட்டு எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். அதே ஆண்டிலிருந்து கோரோங்கோரோவாசிகளை வெகுதொலைவில் ஹண்டேனி மாவட்டத்து முசொமெராவுக்குக் குடியமர்த்தும் வேலையும் நடக்கிறது. விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளியும் மருத்துவமும் சுருக்கப்பட்டதால் போக வேண்டியதாகிறது என்கிறார்கள் மறுக்கிறவர்கள். 1959இல் 8,000 பேர் இருந்த இடத்தில் இன்று ஒரு லட்சம் பேர், அத்தனை மாட்டை அந்தப் புல் தாங்குமா என்று அரசு கேட்பது வெற்றுக் கேள்வி அல்ல. ஆனால் அதே புல்வெளியில் சொகுசு விடுதிகள் எழும்பிக்கொண்டே இருக்கும்போது, சுமை தாங்காததற்கு மேய்ப்பனை மட்டும் கணக்கில் எடுப்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பயணிக்கு இதில் என்ன பங்கு? கட்டணம். செரங்கெட்டியில் வெளிநாட்டவர் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர், வரி தனி. கோரோங்கோரோ பள்ளத்துக்குள் ஒரு வண்டி ஒருமுறை இறங்கிவர ஏறக்குறைய 300 டாலர். மாராவில் ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளுக்கு 100 டாலர். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200. ஆறு தாண்டும் காட்சிக்கு விலை இரட்டிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மாராவைச் சுற்றி மசாய்க்காரர்கள் தங்கள் பட்டா நிலங்களைச் சேர்த்துக் குத்தகைக்கு விட்டு நடத்தும் காப்பிடங்கள் இருக்கின்றன, நபோய்ஷோ, ஒலாரே மொடரோகி போன்றவை. அங்கே வாடகை நிலச் சொந்தக்காரர் கைக்கு மாதாமாதம் போகிறது, கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. விலை அதிகம்தான். கென்யாப் பக்கம்தான் போவேன் என்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

என் முடிவு பிப்ரவரி. நடூட்டு ஏரியை ஒட்டிய பகுதி. அது கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் வண்டி பாதையை விட்டுப் புல்லில் இறங்கிப் போகலாம். தேசியப் பூங்காவுக்குள் அதற்கு அனுமதி இல்லை. இந்தச் சலுகையை அளவோடு பயன்படுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சிவிங்கிப்புலியைச் சுற்றி வண்டிகள் வட்டம் கட்டுவது அங்கேயும் நடக்கிறது. இடம் மாறி மாறித் தங்குவதைவிட ஒரே முகாமில் இருப்பது மேல். அருஷாவிலிருந்து சாலை வழியே போனால் பாதி நாளுக்கு மேல் ஆகும், முதுகு கணக்குக் கேட்கும். ஆனால் மேட்டு நிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும்போது மரங்கள் ஒவ்வொன்றாக விலகுவதைப் பார்க்கலாம். சிறு விமானத்தில் போகிறவர்களுக்கு 15 கிலோ வரம்பு, அதுவும் துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி உள்ளே நுழையாது. வழியில் ஓல்டுவாய் அருங்காட்சியகத்துக்கு ஒரு முற்பகல் ஒதுக்குங்கள்.

சில்லறை விஷயங்களும் உண்டு. கறுப்பும் கருநீலமும் உடுத்தாதீர்கள். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும், அதைப் பிடிக்க வைக்கும் பொறியே நீலமும் கறுப்புமான துணிதான். பிளாஸ்டிக் பையைக் கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் தடை செய்துவிட்டன, ஊறுகாயைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கென்யாவில் கால் வைப்பதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். இல்லாமல் திரும்பி வருகிறவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. சிறுமழை பொய்த்துத் தெற்குப் புல் காய்ந்து கிடக்கும் ஆண்டும் வரும். அப்போது கூட்டம் வராது, வந்தாலும் நிற்காது, பிப்ரவரியில் நீங்கள் பார்ப்பது புழுதியும் தொலைவில் சில மான்களுமாக இருக்கலாம். அதற்கு யாரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். தெரிந்துகொண்டு முன்பணம் கட்டுங்கள்.